செப்புத் தகடும் சமுதாயமும்: உட்குழிவுப் பதிப்புக்கலையின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

செப்புத் தகட்டிலே கோடு பொறிக்கும் வித்தை தமிழருக்குப் புதியதன்று. ஆனைமங்கலச் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு முதலான சோழர்காலச் சாசனங்களைக் கண்டவர்கள், உளியின் முனை உலோகத்தின்மீது எத்துணை உறுதியோடும் நுண்மையோடும் இயங்கியுள்ளது என்பதை அறிவர். செப்பேடுகள் சிலவற்றின் இறுதியில் அவற்றைப் பொறித்த கைவினைஞரின் பெயர்தானும் காணப்படுகின்றது. எனினும், அத்தகடுகளின் குழிகளில் மையை நிரப்பித் தாளிலே பிரதியெடுக்கும் முறையொன்று அங்கு தோன்றவில்லை. தாளின் பயன்பாடு பரவியிராமை இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மாத்திரமே காரணமன்று. நிலவுரிமையை உறுதிசெய்யும் சாசனத்தின் மதிப்பு அதன் ஒருமையிலேயே தங்கியிருந்தது. அரச இலச்சினை பொறித்த வளையத்திலே கோக்கப்பட்ட ஏடு பலவாகப் பெருகுவதனால் மன்னனுக்கோ மானியம் பெற்றவருக்கோ பயன் யாதுமில்லை.

15ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் நிலைமை வேறாயிருந்தது. அங்கும் உலோகத்திலே கோடு பொறித்தவர்கள் பொற்கொல்லர்களே. ஆனால் தாள் ஆலைகளும் நகரச் சந்தைகளும் யாத்திரிகர் கூட்டங்களும் ஒருங்கே இருந்தமையால், ஒரு தகட்டிலிருந்து பல படங்களை எடுத்து விற்பது இயலக்கூடியதாயும் இலாபந் தருவதாயும் இருந்தது. கைத்திறன் இரு இடத்தும் இருந்தது; அக்கைத்திறனை எத்திசையிற் செலுத்துவது என்பதைச் சமுதாயத் தேவையே நிர்ணயித்தது.

ஈழத்திலே கலை இலக்கியத்தின் சமுதாய அடிப்படை பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். ஆயின் ஒரு குறையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். உருவமே கலை என வாதிடுவோரை மறுக்கும் வேகத்தில், கலையின் தொழினுட்பம் பற்றிய ஆராய்ச்சியையும் அவர்கள் கையிலேயே விட்டுவிட்டோம். கருவியையும் மூலப்பொருளையும் பிரதி பெருக்கும் முறையையும் ஆராயாது கலையின் உற்பத்தியைப் பற்றிப் பேசுவது பொருள்முதல்வாதத்திற்குப் பொருந்துவதன்று. வெடிமருந்தின் காலத்தில் அக்கிலீசு சாத்தியமா, அச்சியந்திரத்தின் காலத்தில் இதிகாசம் சாத்தியமா என மார்க்ஸ் 1857இல் எழுப்பிய வினாக்கள் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுவன. உலோகத் தகட்டுப் பதிப்புக்கலையை உதாரணமாகக் கொண்டு, தொழினுட்பத்திற்கும் சமுதாயத்திற்கும் உள்ள உறவு ஒருவழிப்பட்டதன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிலே முறையினைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். மரக்கட்டையிற் படம் வெட்டும்போது, மை பற்றவேண்டிய கோடுகளை விட்டு ஏனைய இடங்கள் அகழப்படுகின்றன. எழுந்துநிற்கும் பாகமே மையேற்றுத் தாளிற் பதிகின்றது. இது புடைப்புப் பதிப்பு. உட்குழிவுப் பதிப்பு இதற்கு நேர்மாறானது. இங்கு கோடு பள்ளமாக இருக்கும். தகட்டைச் சற்றுச் சூடாக்கி, ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த கரிய மையைப் பள்ளங்களுக்குள் அழுத்திச் செலுத்துவர். பின்னர் மேற்பரப்பிலுள்ள மையைத் துணியாலும், ஈற்றிலே உள்ளங்கையாலும் துடைத்தெடுப்பர். நனைத்துப் பதப்படுத்திய தாளைத் தகட்டின்மீது இட்டு, அதன்மேற் கம்பளித் துணி விரித்து, இரண்டு உருளைகளுக்கிடையே பேரழுத்தத்தோடு செலுத்துவர். தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையைக் கவ்விக்கொண்டு வெளிவரும். எனவேதான் இவ்வகைப் பதிப்பிலே கோடு தாளின்மீது சிறிது புடைத்து நிற்கின்றது. தகட்டின் விளிம்பும் தாளிலே தழும்பாகப் பதிகின்றது.

பள்ளத்தை உண்டாக்கும் வழிகள் பல. செதுக்குமுறையிற் சாய்சதுர முனையுள்ள எஃகு உளியை உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளுவர். உளி செம்பைச் சுருளாகக் கழித்தெடுக்கும். வளைகோடு வேண்டின் உளியைத் திருப்புவதில்லை. தகட்டையே தோற்றிண்டின்மீது சுழற்றுவர். உலர் ஊசிமுறையிற் கூரிய ஊசியால் தகட்டைக் கீறுவர். கீறலின் ஓரத்திற் கிளம்பும் பிசிரும் மையைப் பிடிப்பதால் கோடு மென்பட்டுப்போற் கறுத்துத் தோன்றும். அமில அரிப்புமுறையிலே தகட்டுக்கு மெழுகுப் பூச்சிட்டு அப்பூச்சின்மீது ஊசியால் வரைவர். நைத்திரிக்கமிலம் போன்றதொரு திரவத்தில் அமிழ்த்தும்போது, பூச்சு நீங்கிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். இங்கு உலோகத்தை வெட்டும் உழைப்பை மனிதக் கைக்குப் பதிலாக இரசாயனம் செய்கின்றது என்பது மனங்கொளத்தக்கது.

இம்முறைகள் யாவற்றுக்கும் பொதுவான இரு பண்புகளை இங்கேயே குறித்துவைத்தல் நன்று. முதலாவது, தகடு தேயும். செதுக்கிய தகடு நூற்றுக்கணக்கில் நற்பிரதிகளைத் தரும்; உலர் ஊசித் தகடோ சில பத்துப் பிரதிகளோடு தன் கருமையை இழந்துவிடும். இரண்டாவது, எழுத்தச்சுக்களோடு சேர்த்து இதனை அச்சிட முடியாது. மரக்கட்டையை ஈய எழுத்துக்களோடு ஒரே சட்டத்திற் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செப்புத் தகட்டுக்கோ தனி யந்திரமும் தனித் தொழிலாளரும் தனிச் செலவும் வேண்டும். பிற்காலத்தில் இக்கலை யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்பதை இவ்விரு பண்புகளும் பெரிதும் பாதித்தன.

3

காலங் குறிக்கப்பட்ட செதுக்குப் படங்களிற் காலத்தால் முந்தியது 1446ஆம் ஆண்டினது. ஜேர்மன் மொழி வழங்கிய பிரதேசங்களில், குறிப்பாக மேல் ரைன் ஆற்றுப் பகுதியில், பொற்கொல்லரின் பட்டறைகளிலே இக்கலை உருவாகியது. இக்கண்டுபிடிப்பைப் புளோரன்ஸ் நகரப் பொற்கொல்லரான மாசோ பினிகுவேராவுக்கு உரித்தாக்கினார் வசாரி. தனிமனித மேதையொருவரின் தற்செயற் கண்டுபிடிப்பாக வரலாற்றைக் காணும் இப்பார்வையை, அதற்கு முற்பட்ட ஜேர்மன் படங்களே மறுத்துவிட்டன. தொடக்ககாலக் கலைஞர் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பெயரின் முதலெழுத்துக்களாலும் படைப்புக்களின் ஆண்டுகளாலுமே அவர்கள் சுட்டப்படுகின்றனர். பெயரறியப்பட்டவர்களுள் முதன்மையானவரான மார்ட்டின் ஷோங்கவர் ஒரு பொற்கொல்லரின் மகன். அல்பிரெக்ற் டியூரரும் (1471–1528) அவ்வாறே.

டியூரரின் வாழ்விலே புதிய உற்பத்தி உறவொன்றின் முளையைக் காணலாம். ஓவியம் ஒருவர் கேட்டு, அவருக்காகவே வரையப்படுவது. பதிப்புப் படமோ வாங்குபவர் இன்னாரென அறியாமலே சந்தைக்காக உற்பத்திசெய்யப்படுவது. டியூரரின் படங்களை அவருடைய தாயாரும் மனைவியும் சந்தைகளில் விற்றனர். 1520–21இல் நெதர்லாந்துப் பகுதிகளிற் பயணஞ்செய்தபோது தாம் விற்றனவும் அன்பளித்தனவுமான பதிப்புக்களை அவர் நாட்குறிப்பிற் கணக்குவைத்துள்ளார். பிராங்பேர்ட் வணிகரான ஜேக்கப் ஹெல்லருக்கு 1509இல் எழுதிய கடிதத்திலே, நுணுக்கமான ஓவியவேலை செலவுக்குக் கட்டாது. செதுக்குவேலையிலேயே நின்றிருந்தாற் பொருள் சேர்த்திருப்பேன் எனக் கூறுகின்றார். ‘மெலன்கோலியா’ (1514) படத்தின் வரலாற்றுப் பின்னணியிலே இக்கணக்குப் புத்தகமும் இருக்கின்றது. இதனாற் கலைஞனின் பெருமை குன்றுவதில்லை. புரவலனிடமிருந்து விடுபட்டு, தன் சிந்தனையைத் தானே தெரிந்து வரையும் சுதந்திரத்தை அவனுக்குத் தந்தது இச்சந்தையே. அதே சந்தை அடுத்த தலைமுறையிற் கலைஞனையும் செதுக்குநனையும் வேறுபிரித்தது.

4

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்வந்த பதிப்புக்களின் அடிவிளிம்பைக் கூர்ந்து நோக்கினால், பெயர்களை அடுத்து மூன்று இலத்தீன் சொற்கள் சிறிய எழுத்திற் காணப்படும். ‘இன்வெனிற்’ – உருவத்தைக் கற்பனைசெய்தவர்; ‘ஸ்கல்ப்சிற்’ – செதுக்கியவர்; ‘எக்ஸ்கூடிற்’ – வெளியிட்டவர். உழைப்புப் பிரிவினையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுதிவைத்த சாசனம் வேறு இல்லை எனலாம். ரபாயேலின் உருவங்களை மார்க்கந்தோனியோ ரைமொண்டி செதுக்கியதோடு பெருவழக்கு எய்திய இம்முறை, அன்ற்வேர்ப் நகரிலே ஹியரோனிமஸ் கொக் நடத்திய பதிப்பகத்தில் முழுமையான தொழிலமைப்பாயிற்று. கொக்கின் பதிப்பகத்துக்கு ஏராளமான படங்களை வரைந்துகொடுத்த பீற்றர் புரூகல், தம் கையாலேயே தகட்டில் உருவாக்கியதாக அறியப்படுவது 1560ஆம் ஆண்டின் முயல்வேட்டைப் படம் ஒன்றேயாகும்.

மூவருள் தகட்டுக்கு உடைமையாளர் மூன்றாமவரே. தகடு உற்பத்திச் சாதனமாகவும் முதலாகவும் அமைந்தது. அது விற்கப்பட்டது, பரம்பரைச் சொத்தாகக் கைமாறியது, தேய்ந்தபோது மீளச் செதுக்கப்பட்டது, பழைய வெளியீட்டாளரின் பெயர் தேய்த்தழிக்கப்பட்டுப் புதியவரின் பெயர் பொறிக்கப்பட்டது. ஓவியத்தின் பன்னிற நுட்பங்களை ஒழுங்கான குறுக்குக் கோடுகளின் வலைக்குள் அடக்கும் செதுக்குநனின் நடை, விரைவாகக் கற்பிக்கவும் பலரிடையே வேலையைப் பகிரவும் வசதியாய் இருந்தது. இக்கோட்டுவலை ஐரோப்பியரின் காட்சியறிவையே தன் இலக்கணத்துக்குட் கட்டிப்போட்டது என வில்லியம் ஐவின்ஸ் 1953இல் வாதிட்டார். அவ்விலக்கணம் பட்டறையின் தேவையிலிருந்தும் பிறந்தது என்பதை நாம் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அம்மூன்று சொற்களினிடையே இடம்பெறாத ஒருவர் இருக்கின்றார். தகட்டை மையிட்டுத் துடைத்து, உருளையை இழுத்து, பிரதியை எடுத்த அச்சுத் தொழிலாளியே அவர். மையை எவ்வளவு துடைப்பது, எங்கே சிறிது விட்டுவைப்பது என்ற அவருடைய உள்ளங்கையின் தீர்மானத்திலேயே படத்தின் ஒளியும் இருளும் தங்கியிருந்தன. எனினும் அவருடைய பெயர் தகட்டிற் பொறிக்கப்பட்டமை மிக அரிது. பிரெஞ்சுக் கலைஞரான ஏபிரகாம் பொஸ் 1642இல் வரைந்த அச்சுக்கூடப் படமொன்றிலே ஒருவர் மையிடுகின்றார், மற்றவர் துடைக்கின்றார், வேறொருவர் உருளையின் ஆரைகளைக் கையாலும் காலாலும் வலித்து இழுக்கின்றார். பெயர் மறுக்கப்பட்டவர்களின் உடலுழைப்பு அங்கே படமாகவேனும் பதிவாகியிருப்பது நமக்குக் கிடைத்த பேறு.

5

அமில அரிப்புமுறை போர்க்கவசஞ் செய்வோரிடமிருந்து வந்தது. கவசங்களிற் கோலமிடுவதற்குக் கையாளப்பட்ட அம்முறையை, அவுக்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த டானியல் ஹொப்பர் படம் பதிப்பதற்குப் பயன்படுத்தினார். டியூரரும் 1515 தொடக்கம் 1518 வரை இரும்புத் தகட்டில் இதனைப் பரிசோதித்தார். செதுக்குளியைக் கையாள்வதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. மெழுகின்மீது ஊசியை ஓட்டுவதற்கோ வரையத் தெரிந்தாற் போதும். ஆகவே இம்முறை, பட்டறையின் பிரிவினையாற் பிரிக்கப்பட்ட சிந்தனையையும் கையையும் மீண்டும் இணைக்கும் வாய்ப்பைத் தன்னுள்ளே கொண்டிருந்தது.

லொறெயின் பிரதேசத்தவரான ஜாக் கலோ (1592–1635) யாழ் முதலிய நரம்பிசைக் கருவி செய்வோரின் வன்பூச்சைத் தகட்டுக்குப் பயன்படுத்தினார். இது செதுக்குவேலைக்கு நிகரான கூர்மையைத் தந்தது. சில பகுதிகளை மூடிவிட்டு ஏனையவற்றை மீண்டும் மீண்டும் அமிலத்திலே அமிழ்த்துவதால், தொலைவையும் அண்மையையும் கோட்டின் தடிப்பாலேயே காட்ட முடிந்தது. 1633இல் வெளியான அவருடைய ‘போரின் பெருந்துயரங்கள்’ 18 தகடுகளைக் கொண்டது. உள்ளங்கையளவு அகலமான ஒரு தகட்டிலே, பெருமரமொன்றிற் கொத்தாகத் தூக்கிலிடப்பட்டோரையும் சுற்றிநிற்கும் படையினரையும் பாதிரிமாரையும் காண்கின்றோம். கலோ யாரையும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டவில்லை. கொள்ளையிடும் படைவீரன் தண்டிக்கப்படுவதோடு ஒழுங்கு நிலைநாட்டப்படுவதாகவே தொடர் முடிகின்றது. ஆயினும் போரைப் படைத்தலைவனின் வெற்றியாகக் காட்டாமல் ஊராரின் அழிவாகக் காட்டியமை வரலாற்று முக்கியத்துவம் உடையது.

ரெம்பிராண்ட் (1606–1669) ஏறத்தாழ 300 தகடுகளை உருவாக்கினார். அரிப்பு, உலர் ஊசி, செதுக்கு ஆகிய மூன்றையும் ஒரே தகட்டிற் கலந்தார். மையைத் தகட்டின் மேற்பரப்பிலே மெல்லிதாக விட்டுத் துடைத்து ஒவ்வொரு பிரதியையும் வேறாக்கினார். நோயாளரும் ஏழைகளும் கிறிஸ்துவைச் சூழ்ந்துநிற்கும் அவருடைய புகழ்பெற்ற பதிப்பு ‘நூறு கில்டர் படம்’ என்றே வழங்குகின்றது. ஏழைகளைப் பற்றிய படம் தன் விலையாலேயே பெயர்பெற்றது! வணிக முதலாளித்துவம் கலைப்பொருளின்மீது குத்திய முத்திரை இதைவிடத் தெளிவாக அமையமுடியாது. 1656இல் ரெம்பிராண்ட் கடன் தீர்க்கவியலாதவரானார். அவருக்குப் பின் அவருடைய தகடுகள் பல வணிகரிடையே கைமாறி, 18ஆம் நூற்றாண்டிலும் பாரிசில் அச்சிடப்பட்டன.

6

இங்கிலாந்தில் இதே சொத்துப் பிரச்சினை சட்டமன்றம் வரை சென்றது. வில்லியம் ஹோகார்த் (1697–1764) வெள்ளிப் பாத்திரங்களிற் செதுக்குவேலை பழகியவர். 1732இல் வெளியான அவருடைய ‘விலைமகளின் வாழ்க்கை’ தொடர் போலிப் பதிப்புக்களாற் சூறையாடப்பட்டது. அவரும் வேறு கலைஞர்களும் செய்த முறையீட்டின் பேறாக 1735ஆம் ஆண்டின் செதுக்குநர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அது 14 ஆண்டுப் பாதுகாப்பை அளித்தது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அடுத்த தொடரை ஹோகார்த் வெளியிடாது காத்திருந்தார். உருவத்தைக் கற்பனைசெய்பவரும் செதுக்குபவரும் விற்பவரும் மீண்டும் ஒருவரேயாயினர். எனினும் இது கைவினைஞனின் பழைய ஒருமையன்று. சிறு முதலாளியின் புதிய ஒருமையாகும்.

1751இற் சாதாரண மக்களுக்கெனக் ‘கொடுமையின் நான்கு படிகள்’ என்னும் தொடரை ஆக்கியபோது, விலையைக் குறைக்கும் பொருட்டு அவற்றை மரத்தில் வெட்டுவிக்க ஹோகார்த் முனைந்தார். இரண்டு மாத்திரமே அவ்வாறு ஆக்கப்பட்டன. ஏழைக்குப் படம் வரைபவர் செப்புத் தகட்டை விட்டு வேறு சாதனத்தைத் தேடவேண்டியிருந்தது என்பதற்கு இது முற்பட்ட சான்று. 1768இல் நிறுவப்பட்ட இலண்டன் அரச கலைக்கழகமோ செதுக்குநருக்கு முழு உறுப்புரிமையை மறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நிலை நீடித்தது. கைவேலை இழிந்தது, சிந்தனை உயர்ந்தது என்ற வர்க்கப் பார்வைக்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

7

இக்கலை நமது நாட்டைத் தொட்ட விதமும் கவனத்திற்குரியது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டில் இங்கு வந்து, 1665 வரை பணியாற்றிய பால்தேயு பாதிரியார், 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலிலே தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களின் தேவாலயங்கள் செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. கண்டியரசிலே ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸின் நூல் (1681) உழவனையும், குற்றவாளியை மிதித்துக் கொல்லும் யானையையும் இலண்டன் வாசகருக்குக் காட்டியது. வணிகக் கம்பனிகளின் காலத்திற் செப்புத் தகடு, தேசப்படத்தையும் கோட்டையையும் பயிரையும் மனிதரையும் ஒரே பட்டியலிற் சேர்க்கும் கருவியாகியது. மலையாள நாட்டுத் தாவரங்கள் பற்றி 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ற்றஸ் மலபாரிக்கஸ்’ இதன் உச்சம். அத்தாவரங்களை இனங்காட்டிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயர் அந்நூலிற் பதிவாகியிருப்பது விதிவிலக்கு.

இதன் அடுத்த கட்டம் அக்குவாரின்ற் முறையோடு தொடர்புடையது. 1768 அளவிற் பிரான்சிலே லெ பிரின்ஸ் என்பவராற் செம்மைப்படுத்தப்பட்ட இம்முறையிலே, தகட்டின்மீது பிசின் தூளைப் படியவிட்டுச் சூட்டால் உருக்கி ஒட்டவைப்பர். அமிலம் துகள்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளை மட்டும் அரிக்கும். கோடே இன்றி, நீர்வண்ணம் பூசியது போன்ற சாயல் கிடைக்கும். தோமஸ் டானியல், வில்லியம் டானியல் ஆகியோர் 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியிட்ட ‘கீழைத்தேயக் காட்சிகள்’ 144 அக்குவாரின்ற் படங்களைக் கொண்டது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, 1792இல் அவர்கள் தெற்கே பயணஞ்செய்தனர். மதுரையும் தஞ்சையும் மாமல்லபுரமும் மென்னிறச் சாயலிலே, அமைதி தவழும் இடிபாடுகளாக ஆங்கிலக் கனவான்களின் நூலகங்களை அடைந்தன. 1808இல் சாமுவேல் டானியலின் இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டும் இதே முறையில் வெளியாயின. போரின் சுவடு இப்படங்களிலே தென்படாமை தற்செயலன்று. மென்சாயல் எதனையும் இதமாக்கும் வல்லமை உடையது.

8

அதே தொழினுட்பம் அதே ஆண்டுகளில் மத்ரித் நகரிலே செய்தது முற்றிலும் வேறு. பிரான்சிஸ்கோ கோயாவின் ‘கப்ரிச்சோஸ்’ தொடர் 80 தகடுகளைக் கொண்டது. 1799 பெப்ரவரி 6ஆந் திகதி வெளியான ‘டியாரியோ டி மத்ரித்’ பத்திரிகை, வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் கடையொன்றிலே அத்தொகுதி 320 றியாலுக்குக் கிடைக்குமென அறிவித்தது. பேராசை கொண்ட குருமார், சீதனச் சந்தையில் விற்கப்படும் பெண்கள், கழுதையைச் சுமக்கும் மனிதர், பகுத்தறிவு உறங்கும்போது எழும் கோர உருவங்கள் ஆகியவற்றைச் சூழ்ந்திருப்பது அக்குவாரின்ற்றின் தட்டையான இருள். டானியல்களிடத்தே வானத்தின் மென்மையாக இருந்த சாயல், கோயாவிடம் மூடத்தனத்தின் இரவாக மாறியது. தொழினுட்பம் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று என்பதற்கு இவ்வொப்பீடு போதுமானது.

ஆனால் கோயாவின் சுதந்திரத்திற்கும் எல்லை இருந்தது. தொகுதி விரைவிலேயே விற்பனையிலிருந்து நீங்கியது. 1803இல் தகடுகளையும் விலைபோகாத 240 தொகுதிகளையும் அவர் மன்னருக்குக் கையளித்தார். கைம்மாறாக அவருடைய மகனுக்கு உதவிப்பணம் வழங்கப்பட்டது. சமய விசாரணைமன்றத்தின் முன் தாம் குற்றஞ்சாட்டப்பட்டதைப் பல்லாண்டுகளின் பின் கடிதமொன்றில் அவர் குறிப்பிட்டார்.

1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினை ஆக்கிரமித்தது. 1810 அளவிற் கோயா தொடங்கிய ‘போரின் அழிவுகள்’ தொடரிலே கலோவின் தொலைநோக்குப் பார்வை இல்லை. மரத்திலே தொங்குபவரைச் சிறிய உருவாகத் தூரத்தே நிறுத்தாமல், ஓரிரு உடல்களை நம் கண்முன் கொண்டுவருகின்றார். தலைவனும் இல்லை, ஒழுங்கை நிலைநாட்டும் தண்டனையும் இல்லை. 1811–12இல் மத்ரித்தை வாட்டிய பஞ்சத்திற் செத்தோரும் சாவோரும் ஒரு பகுதியாகவும், போருக்குப்பின் மீண்ட முடியாட்சியின் அடக்குமுறை பற்றிய உருவகங்கள் மற்றொரு பகுதியாகவும் அமைகின்றன. போர்க்காலத்திற் செம்பு தட்டுப்பாடாயிற்று. கோயா தாம் முன்னர் நிலக்காட்சி வரைந்திருந்த பெரிய தகடுகள் இரண்டை வெட்டித் துண்டாக்கி, அவற்றின் பின்புறத்திலே இத்தொடரின் சில படங்களை ஆக்கினார். ஒரே தகட்டின் ஒரு முகத்தில் நிலக்காட்சி, மறு முகத்திற் கொலை: கலையின் பொருளாதார அடிப்படை பற்றி நாம் கூறக்கூடிய எதனையும் விட அத்தகடே நன்றாகக் கூறிவிடுகின்றது.

இத்தொடரைக் கோயா வெளியிடவில்லை. 1828இல் அவர் இறந்தார். 80 தகடுகள் 1863இலேயே, அதாவது அவர் இறந்து 35 ஆண்டுகளின் பின்னரே, வெளிவந்தன. எந்த மக்களின் துயரம் பொறிக்கப்பட்டதோ அந்தத் தலைமுறை அதனைக் காணவில்லை. கலைஞனின் மனச்சாட்சி மாத்திரம் போதாது. படைப்பை மக்களிடம் சேர்ப்பிக்கும் சாதனமும் அரசியற் சூழலும் வேண்டும் என்ற உண்மையை இது நமக்கு உணர்த்துகின்றது.

9

19ஆம் நூற்றாண்டிலே உட்குழிவுப் பதிப்பு இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று அரசின் கைக்குச் சென்றது. ஜேக்கப் பேர்க்கின்ஸ் வளர்த்த எஃகுச் செதுக்குமுறை, தேயாத தகட்டையும் போலிசெய்தற்கரிய நுண்கோட்டையும் தந்தது. நாணயத் தாள்களுக்கும், 1840இல் வெளியான முதல் தபால் முத்திரைக்கும் அதுவே பயன்பட்டது. 1857 ஏப்ரல் 1ஆந் திகதி வெளியான இலங்கையின் முதலாவது முத்திரையும் இலண்டன் பேர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனத்தார் செதுக்குத் தகட்டால் அச்சிட்டதே. கோப்பித் தோட்டங்களின் காலத்தில், இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதத்துக்கான 6 பென்ஸ் முத்திரை அது.

மற்றொரு கிளை சேகரிப்போரின் கைக்குச் சென்றது. கல்லச்சும், எழுத்தோடு சேர்த்து அச்சிடத்தக்க மரச்செதுக்கும் பத்திரிகைகளைக் கைப்பற்றின. புகைப்படம் வந்தபின் ஓவியங்களைப் பிரதிசெய்யும் செதுக்குநனுக்கு வேலையில்லாது போயிற்று. செப்புத் தகட்டின்மீது இரும்புப் படலம் பூசி ஆயிரக்கணக்கிற் பிரதியெடுக்கும் முறை 1857 அளவில் வந்தது. ஆனால் அதே காலப்பகுதியிலேதான் பதிப்புக்களை எண்ணிட்டுக் கையொப்பமிடுவதும், குறித்த தொகை அச்சானதும் தகட்டைக் கீறிக் கெடுப்பதும் வழக்கமாகத் தொடங்கின. பெருக்குவதற்கெனப் பிறந்த சாதனம், பெருக்கும் ஆற்றல் முழுமைபெற்றபோது செயற்கையான அருமையை உண்டாக்குவதற்குப் பயன்பட்டது. உற்பத்திச் சக்திகள் வளரும்போது உற்பத்தி உறவுகள் அவற்றுக்கு விலங்காகின்றன என்ற கருத்துக்குக் கலையுலகிலே இதுவோர் உதாரணம்.

இம்முரண்பாட்டைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர் கேத்தே கொல்விற்ஸ் (1867–1945). பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பில் வைத்தியராகக் கடமையாற்றிய கணவரோடு வாழ்ந்தவர். சிலீசிய நெசவாளர் 1844இற் செய்த கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட ஹவுப்ற்மானின் நாடகத்தைப் பார்த்த உந்துதலால் ‘நெசவாளர் கிளர்ச்சி’ தொடரை 1893 முதல் 1897 வரை ஆக்கினார். ஆறு படங்களுள் மூன்று கல்லச்சு, மூன்று அமில அரிப்பு. 1898இல் அதற்குப் பதக்கம் வழங்கக் கலைஞர் குழு பரிந்துரைத்தது. ஜேர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் மறுத்தார். அடுத்து வந்த ‘விவசாயிகள் போர்’ (1902–1908) ஏழு தகடுகளும் உட்குழிவுப் பதிப்பின் சிகரங்கள். ‘வெடிப்பு’ என்ற தகட்டிலே நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண் இரு கைகளையும் உயர்த்துகின்றாள். அவளுக்கு முன்னே குனிந்த உடல்களும் ஆயுதங்களும் அலையாகப் பாய்கின்றன. தனிமனிதத் தலைவனின் முகமல்ல, இயங்கும் திரளே அங்கு கதாநாயகன். அமிலம் ஆழமாகக் கடித்த கருமை இன்றேல் அவ்வேகம் இல்லை. உள்ளடக்கத்தையும் தொழினுட்பத்தையும் அங்கு வேறுபிரித்தல் இயலாது.

அத்தகைய தேர்ச்சி பெற்ற கொல்விற்ஸ், முதலாம் உலகப் போரின் பின் செப்புத் தகட்டைப் பெரும்பாலும் கைவிட்டார். கொலையுண்ட கார்ல் லீப்னெக்ற்றுக்கு அஞ்சலியாக அமைந்த படத்தை 1920இல் மரத்திலே வெட்டினார். பட்டினிக்கும் போருக்கும் எதிரான சுவரொட்டிகளைக் கல்லச்சில் ஆக்கினார். 1930களிற் சீனத்திலே அவருடைய படைப்புக்களை அறிமுகஞ்செய்த லூசுன், இளங்கலைஞரை மரவெட்டுக்கே ஆற்றுப்படுத்தினார். ஒரு கத்தியும் ஒரு பலகையும் போதும். யந்திரம் இன்றியும் பிரதியெடுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. ஹோகார்த் 1751இற் தேடித் தோற்ற வழி, மக்களியக்கம் ஒன்று இருந்த இடத்திலே திறந்தது.

10

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரண்டு எளிய முடிவுகளையும் நாம் நிராகரிக்கவேண்டியுள்ளது. செம்பும் அமிலமும் ஊசியும் கலையின் தன்மையைத் தாமே நிர்ணயிக்கின்றன என்பது ஒன்று. டானியல்களும் கோயாவும் அதனைப் பொய்ப்பிக்கின்றனர். கலைஞனின் வர்க்க உணர்வு செம்மையாயின் சாதனம் எதுவாயினும் சரி என்பது மற்றொன்று. 1863 வரை வெளிவராத தகடுகளும், கொல்விற்ஸின் சாதன மாற்றமும் அதனைப் பொய்ப்பிக்கின்றன. தகட்டின் உடைமையாளர் யார், பிரதிகள் எத்தனை, அவை யாரைச் சென்றடைந்தன ஆகிய வினாக்கள் அழகியலுக்குப் புறம்பானவையல்ல. ஒரு படைப்பின் உருவத்தை விளங்கிக்கொள்வதற்கே அவை இன்றியமையாதன. கவிதையையும் நாவலையும் சஞ்சிகையையும் ஆராயும்போதும் இதே வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.

இன்றும் உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் உட்குழிவுப் பதிப்பு யாதெனில், அது நாணயத் தாளே. புதிய தாளொன்றை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்போமாயின், புடைத்துநிற்கும் கோடுகளை உணரலாம். பொற்கொல்லனின் பட்டறையிலே தொடங்கிய கோடு பொன்னின் பதிலியாக வந்து நிற்கின்றது. டியூரரும் கோயாவும் கொல்விற்ஸும் அதே கோட்டை வேறொன்றுக்காகப் பயன்படுத்தினர். அந்த வேறொன்றின் வரலாற்றை எழுதுவது நம் போன்றோரின் கடமையாகும்.